கதையில் இல்லாத தம்பி

சிறுவர்க்கென வரலாற்றைக் கதையாக்குவோர் எதைச் சொல்வர், எதை விடுவர்? அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் (1867–1957) விட்டுச்சென்ற தாள்கள் இதற்கு விடை பகர்கின்றன.

1932 முதல் 1943 வரை வெளிவந்த அவருடைய எட்டு நூல்கள், அந்நாட்டில் நிலந்தேடிக் குடியேறியோரின் வாழ்வைச் சித்திரிப்பவை. அவற்றில் வரும் இங்கல்ஸ் குடும்பத்தில் பெண்மக்கள் நால்வர் மட்டுமே. ஆண்குழந்தை பிறந்ததாகச் செய்தியே இல்லை.

ஆனால், 1930ஆம் ஆண்டளவில் கோடிட்ட தாள்களில் பென்சிலால் அவர் எழுதிய தன்வரலாறு வேறொன்றையும் கூறுகிறது. மின்னசோட்டாவில் வெட்டுக்கிளிகள் விளைச்சலை அழித்தமையால், 1876இல் குடும்பம் கிழக்கே திரும்பியது. அப்பயணத்தின் இடையில், ஒன்பது திங்களே நிரம்பிய ஃபிரெடி இறந்தான். தமக்கை லாராவுக்கு அப்போது வயது ஒன்பது.

அத்தன்வரலாற்றை அன்றைய பதிப்பகத்தார் ஏற்கவில்லை. அதன் தட்டச்சுப் படிகளும், லாராவும் எழுத்தாளரான மகள் ரோஸும் எழுதிக்கொண்ட கடிதங்களும் அயோவா மாநிலத்து ஹெர்பர்ட் ஹூவர் நூலகத்தில் காக்கப்பட்டன. 2014இல் தன்வரலாறு அச்சேறியது.

கதையில் தம்பிக்கு இடமில்லாமற் போனதைப் பொய் எனத் தள்ளலாகாது. இளம் உள்ளம் தாங்கும் அளவறிந்து சொல்வதும் ஒரு பொறுப்பே. ஆயினும், மண்ணுக்குள் போன மழலைக்கும் சான்று வேண்டும். அறுபது கடந்த தமக்கை அவனை மறக்கவில்லை என்பதற்கு அத்தாள்களே சாட்சி. நம் இல்லத்துப் பழைய பெட்டிகளில் கிடக்கும் கடிதங்களையும் எரிக்குமுன் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.