டாக்ஸ் டிஸ்க்: தோற்றம் 1.1.1921, மறைவு 1.10.2014

பிரிட்டனில் ஓடிய கார்களின் முன்கண்ணாடியில், இடப்பக்கக் கீழ் மூலையில், மூன்று அங்குல விட்டமுள்ள ஒரு வட்டக் காகிதம் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் குடியிருந்தது. வண்டிக்கு வரி கட்டியாயிற்று என்று ஊருக்குக் காட்டும் ரசீது அது. டாக்ஸ் டிஸ்க் என்று பெயர். தமிழ்நாட்டில் சொந்தக் கார் வாங்கும்போதே ஆயுள்கால வரியைக் கட்டி முடித்துவிடுவதால் இதன் அருமை நமக்குச் சட்டென்று பிடிபடாது. அங்கே வரி வருடா வருடம் வரும். கூடவே இந்தக் காகிதமும் வரும். 2014 அக்டோபர் 1 அன்று காகிதத்தை மட்டும் நிறுத்தினார்கள். வரி நிற்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

1920இல் வந்த சாலைச் சட்டத்தின்படி, 1921 ஜனவரி முதல் தேதி இது பிறந்தது. அப்போது சொந்தக் காருக்கு வரி, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு. இந்தக் குதிரைத்திறன் எஞ்சினின் நிஜமான வலுவல்ல. சிலிண்டரின் குறுக்களவையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துப் போட்ட காகிதக் கணக்கு. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது அதில் சேரவில்லை. அமெரிக்க வடிவமைப்பில் வந்த அகலமான சிலிண்டர் கொண்ட ஃபோர்டு மாடல் டி காருக்கு வருடம் 23 பவுண்டு. 1922இல் வெளிவந்த குட்டி ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டுதான். ஆகவே பிரிட்டிஷ் எஞ்சினியர்கள் சிலிண்டரைக் குறுக்கி, உயரத்தை நீட்டி எஞ்சின் கட்டினார்கள். 1948இல் புதிய கார்களுக்கெல்லாம் ஒரே 10 பவுண்டு என்று மாறும்வரை, ஒரு நாட்டின் எஞ்சின் வடிவத்தையே இந்த வரிக் கணக்கு தீர்மானித்தது.

வசூலான பணம் சாலைக்கே போகும் என்று அன்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1926இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்த நிதியில் கைவைத்தார். 1930களின் பிற்பகுதியில் வரிக்கும் சாலைக்கும் இருந்த நேரடித் தொடர்பே அறுந்தது. அதன்பின் இது பொதுக் கஜானாவுக்குப் போகும் வரிதான். ஆனாலும் இன்றுவரை ‘ரோடு டாக்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். சைக்கிளில் போகிறவரைப் பார்த்து ‘நான் ரோடு டாக்ஸ் கட்டுகிறேன், நீ கட்டுகிறாயா?’ என்று கார்க்காரர் கத்துவதும் இன்னும் நிற்கவில்லை. அந்தக் கோபத்துக்கு வட்டக் காகிதம்தான் சாட்சி. சைக்கிளில் ஒட்ட ஒன்றுமில்லையே.

சரி, டிஸ்கை அன்று எப்படி வாங்கினார்கள் என்று பார்ப்போம். வரிக்காலம் முடியும் முன் ஸ்வான்சீயிலிருந்து, அதாவது வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.விடமிருந்து, நினைவூட்டல் கடிதம் வரும். அந்தக் கடிதம், இன்சூரன்ஸ் சான்றிதழ், எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரச் சோதனைச் சான்றிதழ், மூன்றையும் எடுத்துக்கொண்டு தபால் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். லண்டனின் பல வட்டாரங்களில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு குஜராத்திக்காரரோ யாழ்ப்பாணத்துத் தமிழரோ இருப்பார். மூன்றையும் புரட்டிப் பார்ப்பார். எம்.ஓ.டி. காலாவதியாகியிருந்தால், ‘முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாம் சரியென்றால் வண்டி எண்ணும் கட்டிய தொகையும் முடிவுத் தேதியும் எழுதிய தாளில் டக்கென்று ஒரு முத்திரை விழும்.

அடுத்து, கிழிக்கும் படலம். சதுரத் தாளிலிருந்து வட்டத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் கத்தரிக்கோல்தான். 1938இல் ஓரத்தில் துளையிட்டுக் கொடுத்தார்கள். 1942இல் போர்க்காலத்தில் துளை போய், 1952இல்தான் திரும்பி வந்தது. துளை இருந்தும் அவசரக்காரர்கள் கையில் வட்டம் கோணலாகத்தான் வரும். ‘துளை வரிசையில் முன்னும் பின்னும் மடித்து நீவிவிட்டு, பிறகு கிழி’ என்று அப்பா பிள்ளைக்குச் சொல்வார். பிள்ளை கேட்க மாட்டான். கிழிசலை மறைக்கக் கண்ணாடியில் ஒட்டும் பிளாஸ்டிக் உறை இருந்தது. கார் விற்ற கடையோ கராஜோ தன் பெயரை ஓரத்தில் அச்சிட்டு இனாமாகக் கொடுக்கும். குளிர்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வேர்த்து, காகிதம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். பழைய டிஸ்கை எடுக்காமல் அதன்மேலேயே புதியதைச் செருகுகிறவர்கள் உண்டு. அந்த உறையைப் பிரித்தால் வண்டியின் ஏழெட்டு வருடச் சரித்திரம் அடுக்கடுக்காக இருக்கும். இப்படி வெளிவந்தவற்றைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1920களின் டிஸ்க் என்றால் நல்ல விலை.

பிரிட்டனில் கார்க்காரர்கள் இருவர் சந்தித்தால் நடக்கும் பேச்சில் இந்த வட்டத்துக்குத் தனி இடம் இருந்தது. பழைய கார் விளம்பரம் என்றால் ‘டாக்ஸ் ஐந்து மாதம், எம்.ஓ.டி. எட்டு மாதம்’ என்று போடாமல் இருக்க மாட்டார்கள். பேரம் படியாவிட்டால், ‘டிஸ்கை எடுக்காமல் அப்படியே விடு, விலைக்கு ஒப்புக்கொள்கிறேன்’ என்பது வாங்குகிறவரின் கடைசி அஸ்திரம். ஏனென்றால் விற்கிறவர் டிஸ்கை உருவி ஸ்வான்சீக்கு அனுப்பினால், மிச்சமுள்ள முழு மாதங்களுக்குப் பணம் திரும்ப வரும். ஆறு மாதத்துக்குக் கட்டுவதா, ஒரு வருடத்துக்கா? ஆறு மாதம் என்றால் கொஞ்சம் கூடுதல், ஆனால் வண்டி அதுவரை தாங்குமா? வண்டியைக் கராஜில் போட்டு வைத்தால் வரி உண்டா? 1998 முதல், சாலையில் ஓட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு. 2001க்குப் பிறகு புதிய கார்களுக்குப் புகையிலுள்ள கரியமில வாயுவின் அளவைப் பொறுத்து வரி என்றானதும் இன்னொரு கேள்வி சேர்ந்தது: ‘இது எந்த பேண்ட்?’ சில சின்ன டீசல் கார்களுக்கு வருடம் 20, 30 பவுண்டு, சிலவற்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் கட்டியவரும் டிஸ்க் வாங்கி ஒட்டத்தான் வேண்டும். இந்த விநோதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏமாற்றும் நடந்தது. பீர் பாட்டில் லேபிளை உரித்து உறைக்குள் வைத்து ஓட்டியவர்களைப் பற்றிய கதைகள் பப்களில் ஏராளம். ‘டாக்ஸ் தபாலில் வருகிறது’ என்று எழுதி வைத்த சீட்டுகள் மாதக்கணக்கில் வெயிலில் மங்கிக் கிடந்ததும் உண்டு. ரோந்து போகும் போலீஸ்காரருக்கு அந்த மூலை ஒரு வசதி. டிஸ்கைப் பார்க்கக் குனிகிறவர் பக்கத்திலிருக்கும் டயர் தேய்ந்திருப்பதையும் பார்த்துவிடுவார்.

மரண அறிவிப்பை 2013 டிசம்பரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வாசித்தார். காரணங்கள் நியாயமானவை. எல்லாம் கணினியில் ஏறிவிட்டது, நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் வந்துவிட்டன, பிறகு காகிதம் எதற்கு? அச்சும் தபாலும் மிச்சமானால் வருடத்துக்கு ஒரு கோடி பவுண்டு லாபம் என்றார்கள். மறுக்க முடியாத வாதம். நானும் அன்று மறுத்திருக்க மாட்டேன்.

பிறகு கணக்கு வந்தது. சாலையோரம் நம்பர் பிளேட்டுகளைப் பதிவுசெய்து போக்குவரத்துத் துறை எடுக்கும் கணக்கெடுப்பில், 2013இல் வரி கட்டாமல் ஓடிய வண்டிகள் 0.6%. 2015இல் அது 1.4%, 2017இல் 1.8%. இழப்பு சுமார் 10.7 கோடி பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். ஒரு கோடியை மிச்சம் பிடிக்கப் போய்! பிற்பாடு விகிதம் சற்றுக் குறைந்தது. கேமராக்கள் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாப் பழியையும் காகிதம் போனதன்மேல் போடுவதும் நியாயமில்லை. ஏனென்றால் அதே நாளில் இன்னொரு விதியும் மாறியது, அதைப் பற்றிக் கீழே. ஆனால் டிஸ்க் வேண்டாமென்று முடிவெடுத்தவர்கள் அது போலீஸுக்கானது என்று நினைத்தார்கள். வேண்டுமென்றே ஏய்க்கிறவனைக் கேமரா பிடிக்கும். மறந்துபோகிறவனுக்கு அது முன்கூட்டி எதையும் சொல்லாது. தினமும் கார் ஏறும்போது கண்ணில் படும் அந்தத் தேதிதான் பெரும்பாலானோரை நேரத்துக்கு வரி கட்ட வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாகப் பார்த்து, ‘உங்கள் டிஸ்க் இந்த மாதத்தோடு முடிகிறது’ என்று சொல்வதும் நின்றுபோயிற்று. இன்சூரன்ஸும் எம்.ஓ.டி.யும் பார்த்த பிறகே கொடுக்கப்பட்டது என்பதால், வாங்க வருகிறவருக்கு அந்த ஒரு வட்டமே வண்டியைப் பற்றிப் பாதிச் சேதி சொல்லிவிடும். இப்போது அதே தகவல் ஸ்வான்சீயின் கணினியில் பத்திரமாக இருக்கிறது. தேடிப் போகிறவருக்கு மட்டும்.

மாறிய விதி இதுதான். வண்டி கைமாறினால் வரி கூடவே போகாது. விற்றவருக்கு மிச்ச முழு மாதங்களுக்கான பணம் திரும்பும். வாங்கியவர் அந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும். அதாவது விற்பனை நடந்த மாதத்துக்கு அரசு இருவரிடமும் வசூலிக்கிறது. இதைச் சொல்ல இன்று கண்ணாடியில் எதுவுமில்லை. ‘டாக்ஸ் இருக்கிறது’ என்று யாரோ சொன்னதை நம்பி ஓட்டிவந்து, மறுவாரம் சக்கரத்தில் மஞ்சள் பூட்டோடு நின்றவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே பிரிட்டனில் பழைய கார் வாங்கப் போகும் உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். பணம் கொடுக்கும் முன் அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, வரியும் எம்.ஓ.டி.யும் எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மாதக் கடைசியில் வாங்கினால் நாலு நாளுக்கு ஒரு மாத வரி போகும், முடிந்தால் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். லாக்புக் என்னும் வண்டிப் பதிவுச் சான்றிதழிலிருந்து பச்சைச் சீட்டைக் கிழித்து வாங்கி, அதிலுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைக் கொண்டு உங்கள் பெயரில் வரியைக் கட்டுங்கள். பிறகு சாவியைத் திருகுங்கள். மின்சாரக் கார்தானே என்று விட்டுவிடாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து அதற்கும் வரி உண்டு.