துண்டு நிலமும் முழு வாக்கும்

புதுவையிலிருந்து சென்னை செல்லும் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் புறப்படுவோர், நகரின் எல்லை தாண்டியதும் தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்தில் கால் வைப்பர். பொம்மையார்பாளையம் கடந்ததும் மீண்டும் புதுவை மண் தொடங்கும்: பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, வடகோடியில் கனகசெட்டிக்குளம். அதையும் கடந்தால் மறுபடியும் தமிழ்நாடு! ஒரே கடல், ஒரே மணல், ஒரே மொழி, ஒரே வலை. ஆயினும் இருவேறு ஆட்சி.

ஆண்டவன் வகுத்த எல்லையா இது? அன்று, தோழர்களே! ஆண்டவர்கள் வகுத்த எல்லை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். 1761இல் புதுவை வீழ்ந்தது. 1763இல் பாரிசு உடன்படிக்கையால் திரும்பிற்று. 1793இல் மீண்டும் பறிபோயிற்று. 1816இல் மீண்டும் பிரெஞ்சியர் கைக்கு வந்தது. திருப்பித் தரப்பட்டது ஒரு நாடன்று, சிதறிய ஊர்கள். அங்கு வாழ்ந்த உழவனையும் மீனவனையும் எவரும் ஒரு சொல் கேட்டாரில்லை.

பிரெஞ்சு ஆட்சி வாக்குரிமை தந்ததே என்பார் உண்டு. தந்தது, மறுப்பதற்கில்லை. 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனாய்ப் பாரிசு மன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை வந்தது. சில ஆண்டுகளில் பறிக்கப்பட்டு, 1871இல் மீண்டும் கிடைத்தது. ஆனால், புதுவையைக் கண்ணாலும் காணாத பலர் அதன் உறுப்பினராய்ப் பாரிசில் வீற்றிருந்தனர்! உள்ளூர் மன்றங்களிலோ வாக்காளர் பட்டியலே பிரிக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், பெருந்திரளான தமிழருக்கு மற்றொரு பட்டியல். தலை எண்ணி அளிக்க வேண்டிய உரிமையைத் தோல் பார்த்து அளந்தனர்.

அந்த இருளில் ஒரு கதவு திறந்தது. 1881ஆம் ஆண்டு ஆணை, சாதி வழக்கத்தைச் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழி செய்தது. காலணியுடன் நீதிமன்றம் புகுந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசு வரை வழக்காடி வென்ற பொன்னுத்தம்பி அவ்வழியில் முன்னின்றார். 'கதவு' எனப் பொருள்படும் லப்போர்த் என்ற பெயரையும் சூட்டிக்கொண்டார். வைதிகம் வாளாவிருக்குமா? சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் பழமைப் படை திரண்டது. துறந்தவர்களுக்குத் தனிப் பட்டியல் என 1884இல் மூன்றாம் பிரிவு முளைத்தது. சாதியை உதறியவனையும் தனி வரிசையில் நிறுத்தினரே, இதுவா சமத்துவம்?

இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னரே பட்டியல்கள் ஒழிந்தன, பெண்களும் வாக்களித்தனர், 1946இல் 44 உறுப்பினர் கொண்ட சபை அமைந்தது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் 178 மக்கட் பேராளர் கூடினர். இந்தியாவுடன் இணைவதற்கு 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான ஒப்படைப்போ 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் சட்டமன்றத்தைத் தந்தது. 1964இல் 30 தொகுதிகளுக்கு முதல் தேர்தல் நடந்தது.

கனகசெட்டிக்குளத்தார் வாக்களிக்கும் தொகுதி காலாப்பட்டு. 1985இல் தோன்றிய பல்கலைக்கழகமும் அங்கே. மத்திய சிறையும் அங்கே. மீனவர் குடிசையும் அங்கே. 2011இல் என்.ஆர். காங்கிரசின் கல்யாணசுந்தரம், 2016இல் காங்கிரசின் ஷாஜகான், 2021இல் பாரதிய ஜனதாவின் பெயரால் மீண்டும் கல்யாணசுந்தரம் என அத்தொகுதி தீர்ப்பளித்தது. மூன்று தேர்தல், மூன்று கொடி! கொடி மாறுவது குற்றமன்று. கேள்வி கேட்காமல் மாறுவதே குற்றம்.

இனி, இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. அதே 1963ஆம் ஆண்டுச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருடன், மத்திய அரசு மூவரை நியமிக்கவும் இடமளித்தது. 2017இல் மாநில அரசைக் கேளாமலே மூவர் நியமிக்கப்பட்டனர். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2021 பிப்ரவரி 22ஆம் நாள் நாராயணசாமி அமைச்சரவை கவிழ்ந்தபோது, பேரவைத் தலைவர் உட்பட ஆளுங்கட்சி அணியில் 12 பேர்; எதிரணியில் மக்கள் அனுப்பியவர் 11 பேர். நியமன உறுப்பினர் மூவரைச் சேர்த்து 14! மக்கள் வாக்கின் மேல் மக்கள் தராத வாக்கு ஏறி அமர்ந்தது. அந்த அமைச்சரவை நல்லதா தீயதா என்பது வேறு வழக்கு. அதைத் தீர்க்கும் உரிமை எவருக்கு என்பதே நம் கேள்வி.

அன்று தோலின் பெயரால் தனிப் பட்டியல். பின்னர்ச் சட்டத்தின் பெயரால் தனி நாற்காலி. சிதறிக் கிடக்கும் நிலத்தை ஒட்டவைக்க நம்மால் இயலாது போகலாம். வாக்கைத் துண்டாட விடாமற் காக்க இயலும். கனகசெட்டிக்குளத்து மீனவப் பெண் இடும் ஒரு வாக்குக்கு நிகராக, எவர் கையொப்பமும் நிற்கலாகாது. இதை ஊர்தோறும், மன்றந்தோறும் எடுத்துரைப்போம். படிப்பகங்களில் வரைபடத்தை விரித்துக் காட்டுவோம். எல்லையை வகுத்தவர் போய்விட்டனர். எண்ணிக்கையைக் காக்க வேண்டியவர் நாமே!