கொங்கு நாட்டுக் கொறங்காடு

வாய்க்கால் நீர் எட்டாததும், ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையையே நம்பியிருப்பதும், செம்மண் சரளையோடு சுண்ணாம்புக்கல் விரவிக் கிடப்பதுமாகிய காங்கேயம், தாராபுரம் வட்டாரத்து மேட்டு நிலங்களில், குடியானவர்கள் புல்லையே ஒரு பயிராகப் பாவித்து, அதற்கெனத் தங்கள் சொந்தப் பட்டா நிலத்தை ஒதுக்கி, வேலி வளர்த்து, விதை தூவிப் பேணி வந்தார்கள் என்பது, நம் வேளாண்மைச் சரித்திரத்தில் போதிய அளவு கொண்டாடப்படாத விசேஷம். அந்தப் புல்நிலத்திற்குக் கொறங்காடு என்று பெயர்.

கொங்கரை ஆநிரை உடையோர் என்றே சங்கச் செய்யுள் காட்டுகிறது. ஆயினும் ஆநிரை இருந்த தேசங்களிலெல்லாம் கொறங்காடு தோன்றிவிடவில்லை. பிற இடங்களில் மேய்ச்சல் என்பது புறம்போக்கைச் சார்ந்தே இருந்தமையால், எல்லோரும் மேய்த்து ஒருவரும் காவாத அந்நிலங்கள் நாளடைவில் கட்டாந்தரையாயின. இங்கோ புல்லுக்கு உடையவன் ஒருவன் இருந்தான். 1893-இல் இந்திய வேளாண்மையைப் பற்றிய அறிக்கையை வெளியிட்ட வோல்க்கர் என்னும் ஆங்கிலேய ரசாயன நிபுணர், கோயம்புத்தூர் ஜில்லாவின் வேலியடைத்த வயல்களைத் தனித்துக் குறிப்பிட்டிருக்கிறார்.

அவ்வேலி முள் கிளுவையால் ஆனது. போத்துகளை வெட்டி வரிசையாக ஊன்றிவிட்டால், அவை வேர்கொண்டு, கிளை பின்னி, சில வருஷங்களில் ஆடும் நுழைய முடியாத உயிர்வேலியாகிவிடும். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவன் துணையே வேண்டுவதில்லை. வேலிக்குள் பிரதானமானது கொழுக்கட்டைப் புல். வெப்பத்தில் செழிப்பதும், சுண்ணாம்பு மண்ணை விரும்புவதும், கோடையில் காய்ந்து மடிந்தாற்போல் தோன்றினும் அடித்தூரில் ஜீவனைச் சேமித்து வைத்து முதல் மழைக்கே துளிர்ப்பதும் அதன் ஸ்வபாவம். அதனிடையே நரிப்பயறு, செப்புநெருஞ்சி முதலிய பயறினக் கொடிகள் படர்ந்து, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களால் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு ஈட்டித் தந்து, தீவனத்திற்குப் புரதச் சத்தையும் கூட்டின. இவற்றுக்கு மேலே வெள்வேல மரம் நிழலளித்தது. புல் வற்றிய நாட்களில் அதன் காய்களே கால்நடைக்கு ஆகாரம். புல், கொடி, மரம், வேலி ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று அநுகூலமாகத் தேர்ந்த அந்த விவேகத்தை ஒரு சாஸ்திரம் என்றே நான் மதிக்கிறேன்.

விதைப்பிலும் நுட்பம் உண்டு. கொழுக்கட்டைப் புல்லின் விதை, சுணைகள் சூழ்ந்து பஞ்சுபோல் இலேசாக இருப்பதால், வெறுங்கையால் தூவினால் காற்றோடு போய்விடும். ஆகவே ஈர மணலோடு பிசைந்து தூவுவது வழக்கம். ஆழப் புதைந்தால் முளை மேலே வாராது. அறுத்த கையோடு விதைத்தாலும் சரியாக முளைப்பதில்லை. விதையின் உறக்கம் தெளியச் சில மாதங்கள் இருப்பு வைக்கவேண்டும்.

இந்தப் புல்லை மேய்ந்து உருவானதே காங்கேயம் மாடு. அதன் எலும்பின் உறுதிக்கு இம்மண்ணின் சுண்ணாம்புச் சத்தே காரணமென்பது இங்குள்ளோர் அநுபவ வாக்கு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் தேர்ந்த காளைகளைக் கொண்டு இவ்வினத்தைப் பேணி வளர்த்த கீர்த்தி பெரிது. ஆனால் அக்காளைகளுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ குடும்பங்களின் கொறங்காடுகள் இருந்தன.

இதே கொழுக்கட்டைப் புல் இனம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் பல லட்சம் ஏக்கரில் பரவிற்று. அந்த ராஜ்யத்தின் வட பகுதிகளில் டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்னும் ஒரே பயறினத் தீவனத்தைப் பெரிதும் நம்பி உண்டாக்கிய மேய்ச்சல் வெளிகள், 1970-களில் ஆந்த்ரக்னோஸ் என்னும் பூஞ்சை நோய்க்கு இரையாகிப் பாழாயின. பல இனங்கள் கலந்து வாழும் கொறங்காட்டில், ஒன்றுக்கு நேரும் கேடு அனைத்தையும் வீழ்த்துவது அரிது.

டிராக்டர் வந்து உழவு மாட்டின் தேவை குன்றியபின், திருப்பூரின் பனியன் தொழில் இளைஞர்களை ஈர்த்துக்கொண்டபின், பாகம் பிரிந்து சிறுத்த கொறங்காடுகள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. கவனிப்பாரற்றவற்றில் சீமைக்கருவேல் குடியேறிற்று. எஞ்சியவற்றில் இன்று மாட்டைவிடச் செம்மறியாடே மிகுதி. உடையவர்கள் அந்நிலங்களை வருஷக் குத்தகைக்கு விடுகிறார்கள், குத்தகை எடுத்தவர் ஆட்டை உள்ளே விடுமுன் மழைக்குப் புல் தூர் கட்டிவிட்டதா என்று இன்றும் குனிந்து பார்க்கிறார்.