கண் ரைனோஸ்போரிடியோசிஸ்

கண் ரைனோஸ்போரிடியோசிஸ் என்பது ரைனோஸ்போரிடியம் சீபெரி என்ற நுண்ணுயிரியால் இமை இணைப்படலத்திலோ கண்ணீர்ப் பையிலோ சதை வளர்ச்சி உண்டாகும் அரிய தொற்றுநோய். மூக்கையே அதிகம் தாக்கும் இந்நோய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. தேங்கிய குளம், குட்டைகளில் குளிப்பதோடு தொடர்புடையது; ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை.

கீழிமையைத் திருப்பினால் வளர்ச்சி செம்புற்றுப்பழம் போலச் சிவந்து, மேலே வெண்புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். தொட்டால் எளிதில் இரத்தம் கசியும். கண்ணீர்ப் பையில் வந்தால் வீக்கமும் இரத்தம் கலந்த கண்ணீரும் காணும். இதனால் புற்றுக்கட்டி என்ற ஐயம் எழுவது இயல்பு. வெட்டியெடுத்த திசுவின் நுண்ணோக்கிப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும்: தடித்த சுவருடைய, ஏராளமான வித்துகள் நிரம்பிய உருண்டைகள் தெரியும், முதிர்ந்தவை 100 மைக்ரோமீட்டருக்கும் பெரியவை. கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இயலாததால் திசுப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

கில்லெர்மோ சீபர் 1900இல் புவெனஸ் அயர்சில் இக்கிருமியை விவரித்தார். நெடுங்காலம் பூஞ்சையாகக் கருதப்பட்ட இது, 1999இல் வெளியான மரபணு ஆய்வில் மீன் ஒட்டுண்ணிகளின் உறவினம் எனத் தெரிந்தது. இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ். என். ஆர்சகுலரத்ன இந்நோய் குறித்து விரிவாக ஆராய்ந்தார்.

வளர்ச்சியை முழுமையாக அகற்றி அடிப்பகுதியைச் சுடுவதே முதன்மைச் சிகிச்சை. மிச்சம் இருந்தால் நோய் திரும்பும்.