கந்தையைப் பரிசாகக் கொடுக்கலாமா?



போன வாரம் அரூரிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக, அம்மாவின் பழைய சேலைகளையும் அப்பாவின் வேட்டிகளையும் வெட்டி இணைத்து, ஆறு மாதமாகக் கையாலேயே ஒரு போர்வை தைத்திருக்கிறாள். "நல்ல நாளில் யாராவது கந்தையைக் கொடுப்பார்களா என்று அத்தை கேட்கிறார், டீச்சர். பேசாமல் பட்டுப்புடவை வாங்கிவிடட்டுமா?" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கந்தை கேவலமான பொருள் அல்ல. புத்த பிக்குகளின் ஆடையே துண்டு துண்டாக இணைத்துத் தைத்ததுதான். மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, அதைப்போலத் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநய நூல் சொல்கிறது.

வங்காளத்தில் 'காந்தா' என்றொரு போர்வை உண்டு. நம் கந்தைக்கும் அதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்கள். பலமுறை துவைத்த துணி என்பதால் உடம்புக்கு மெத்தென்று இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் குல்னா பகுதியைச் சேர்ந்த மானதாசுந்தரி தாசி என்ற பெண், தன் தந்தைக்காகத் தன் கையாலேயே தைத்ததாக ஊசியாலேயே எழுதிவைத்த காந்தா ஒன்று, கொல்கத்தா ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசர்களின் பெயர்களைக் கல்லில் படிக்கிறோம். ஒரு மகளின் பெயரைப் பழந்துணியில் படிக்கிறோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் மறைந்துபோகும் நிலையில் இருந்தது. வேலை தெரிந்த மூத்த பெண்களிடம் கற்று, இளையவர்கள் அதை மீட்டெடுத்தார்கள். அவர்களுடைய சங்கத்தின் பெயர் 'போர்கை'. அவர்கள் பேச்சில் அதற்குப் பெருமை என்று பொருள்.

இனி என் தவறு. 1984இல் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மில் கம்பளி வாங்கினேன். அவர் தைத்த ஒட்டுப் போர்வையை, வருகிறவர்கள் பார்த்தால் கௌரவக் குறைச்சல் என்று பரணில் போட்டேன். எலி கடித்து நாசமாக்கிவிட்டது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் என் பள்ளிக்கூடப் பாவாடைத் துண்டும் இருந்தது.

ஆகையால் மகளே, போர்வையையே கொடு. ஓரத்தில் உன் பெயரையும் தேதியையும் மறக்காமல் தைத்துவிடு.