சமக்குறி பிறந்த கதை

அட்சர கணித நூலைத் திறந்தவுடன் நம் பிள்ளைகளை மிரட்டுவன அதிலுள்ள குறிகளே. அவை ஏதோ மகான்கள் தவமிருந்து கண்ட மந்திரங்கள் போலவும், மேலோர்க்கே உரியன போலவும் ஒரு மயக்கம் நம்மவரிடையே உண்டு. குறிகளின் பிறப்பை விசாரித்தால் அம்மயக்கம் நில்லாது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் அல்குவாரிஸ்மி இயற்றிய நூலில் இக்குறிகளில் ஒன்றேனும் இல்லை. ஆல்ஜிப்ரா என்னும் பெயரே அந்நூற்றலைப்பிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்ற சொல்லினின்று வந்தது. எனினும் கணக்கு முழுவதும் வாக்கியங்களாகவே நடக்கின்றது.

கூட்டற் குறியும் கழித்தற் குறியும் முதன்முதல் அச்சேறியது 1489-ல், ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில். வித்மன் என்பார் வியாபாரிகளுக்கென்று ஜெர்மன் மொழியில் எழுதிய கணக்குப் புத்தகம் அது. அத்திப்பழத் தொட்டிகளை நிறுக்குங்கால், குறித்த நிறைக்கு மேற்பட்டதை + என்றும் குறைந்ததை − என்றும் அதில் காட்டியுள்ளார். தராசடியில் பேரேட்டுடன் நிற்கும் தோட்டத்துக் கிராணிக்கு இது புதுமையாகத் தோன்றாது. சரக்கு நிறுக்கும் கணக்கிலேயே இக்குறிகள் அச்சில் உலவின!

சமக்குறியின் கதை இதனினும் உருக்கமானது. ராபர்ட் ரெகார்ட் வேல்ஸ் நாட்டு டென்பி ஊரினர், வைத்தியர். கற்றோர் லத்தீனில் எழுதுவதே கௌரவம் என்றிருந்த அக்காலத்தில், கல்லாதாரும் கற்கவேண்டுமென்று அவர் இங்கிலீஷிலேயே, ஆசானும் மாணாக்கனும் உரையாடும் முறையில் கணித நூல்களை எழுதினார். பண்டிதர் பாஷையில்தான் சாஸ்திரம் நிற்கும் என்போர் இதைக் கவனிப்பார்களாக. 1557-ல் அவர் வெளியிட்ட ‘அறிவின் சாணைக்கல்’ என்னும் நூல், ருஷிய தேசத்தோடு வாணிகம் செய்த வர்த்தகர் சங்கத்தாருக்குச் சமர்ப்பிக்கப்பெற்றது. ‘இதற்கு அது சமம்’ என்று ஓயாமல் எழுதுவதில் சலிப்புற்று, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளை அவர் அந்நூலில் இட்டார். அவ்விரண்டினும் மிக்க சமமுடைய பொருள்கள் வேறில்லை என்பதே அவர் கூறிய காரணம். இதனினும் எளிய காரணம் எந்தக் குறிக்கும் உண்டோ?

ஆயினும் உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. 1618 வரை அக்குறி மீண்டும் அச்சில் தோன்றவே இல்லை. 1637-ல் எக்ஸ், ஒய், இஸட் என்னும் எழுத்துக்களைத் தெரியாத தொகைகளுக்கு வழங்கிய டேகார்ட்டே கூடச் சமத்துக்கு வேறொரு குறியையே கையாண்டார். நியூட்டனும் லைப்னிட்ஸும் வழங்கிய பிறகே ரெகார்டின் கோடுகள் எங்கும் நிலைபெற்றன.

அவர் அதைக் காணவில்லை. பெம்புரோக் பிரபுவின்மீது ஊழல் குற்றஞ்சாட்டியதற்காக அவதூறு வழக்கில் சிக்கி, ஆயிரம் பவுன் கொடுக்கும்படி தீர்ப்பிடப்பெற்றார். அதே ஆண்டில் வந்ததே சமக்குறி நூல். அதன் இறுதியில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கதவு படபடவென்று தட்டப்படுகின்றது. தூதன் ஒருவன் வந்திருக்கின்றான். அமைதியாகக் கற்பிக்கும் பாக்கியம் தமக்கில்லை என்கிறார் ஆசான். தம்மைப் போன்ற மாணாக்கரின் பாக்கியம் அதனினும் குறைந்ததென்று மாணாக்கன் வருந்துகின்றான். ஓய்வு கிடைக்கும்போது எஞ்சியதைச் சொல்லித் தருவதாக வாக்களித்து ஆசான் முடிக்கின்றார்.

அடுத்த ஆண்டு, 1558-ல், ரெகார்ட் லண்டனில் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் உயிர் நீத்தார்.