உண்ணியப்பத்தின் உண்ணி

கேரளத்து உண்ணியப்பம் குழந்தைக் கண்ணனுக்குப் படைக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது என்னும் கூற்று ஆராய்வின்றித் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வருகிறது. உண்ணி என்பது மலையாளத்தில் குழந்தையைக் குறிப்பது உண்மையே. ஆயினும் அவ்வப்பத்துக்குப் பெயர்போன கொட்டாரக்கரைக் கோயிலில் அதனை ஏற்பவர் கணபதி என்பதும், 13, 14ஆம் நூற்றாண்டுகளின் மணிப்பிரவாள நூல்களான உண்ணியச்சி சரிதம், உண்ணிச்சிருதேவி சரிதம் ஆகியவற்றில் அச்சொல் பெண்டிர் பெயருக்கு அடையாக நிற்பதும் அக்கூற்றைத் தகர்க்கப் போதியவை.

பாலுண்ணும் பிள்ளை ஆதலின் உண்ணி என்று, ‘உண்’ என்னும் வினையடியில் நிறுத்துவோர் இன்னொரு சாரார். புல்லுண்ணி, ஊனுண்ணி, கால்நடைகளின் மேல் ஒட்டிக் குருதி குடிக்கும் உண்ணி ஆகியவை அவ்வடியில் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மலையாளத்தில் முட்டையின் மஞ்சட்கருவும் உண்ணி எனப்படும்; வாழைத்தண்டின் உள்ளே வெண்மையாக இருக்கும் இளந்தண்டு உண்ணிப்பிண்டி எனப்படும். கருவும் தண்டும் எதனையும் உண்பன அல்ல, அவை உள்ளிருப்பன. எள்+நெய் எண்ணெய் என்றும், உள்+நாக்கு உண்ணாக்கு என்றும், உள்+மை உண்மை என்றும் ஆவதுபோல, மெல்லெழுத்தின் முன் உள் என்பது உண் எனத் திரியும். ஆகவே உள்ளிருப்பது உண்ணி. உள்ளிருப்பது இளையது, இளையது சிறியது எனப் பொருள் விரிந்தது.

அப்பத்தின் பெயரில் நிற்பது இக்கடைசிப் பொருளே. பெரிதாக வார்க்கப்படுவது நெய்யப்பம். ஏறத்தாழ அதே மாவைக் காரை எனப்படும் குழிச்சட்டியில் சிறிதாக வார்த்தால் உண்ணியப்பம். காரையப்பம் என்னும் மறுபெயர், தமிழ்நாட்டுக் குழிப்பணியாரத்தைப் போலக் கலத்தால் வந்தது. கரிய அகலையும் பாகையும் கூவியரோடு சேர்த்துப் பெரும்பாணாற்றுப்படை கூறுவதும், கூவியர் என்பதற்கு அப்ப வாணிகர் என உரை கண்டதும் இங்கு நினைக்கத்தக்கன. வீட்டில் செய்வோர் ஊறிய பச்சரிசியை அரைத்து, வடிகட்டிய வெல்லப்பாகும், தமிழ்நாட்டில் பூவன் எனப்படும் பாளையங்கோடன் பழத்தின் மசியலும், நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல்லும், ஏலமும் கூட்டிச் சில மணி நேரம் வைத்திருந்து, குழிகளில் நெய்யோ தேங்காயெண்ணெயோ காய்ந்தபின் முக்கால் குழிக்கு வார்த்து, அடி சிவந்ததும் கம்பியால் குத்திப் புரட்டுவர். பழம் மிகுந்தால் நடுப்பகுதி வேகாமல் பிசுபிசுக்கும். குறைந்தால் ஆறியதும் இறுகிவிடும். அப்பத்தின் உண்ணியைக் காப்பது பழமே.

உள் என்பதன்பின் வந்த மெல்லெழுத்து விகுதி யாது என இலக்கணிகள் வினவக்கூடும். ஆயினும் கரு, இளந்தண்டு, குழந்தை ஆகிய மூன்று பொருளையும் ஒருங்கே தாங்கும் அடி உள் ஒன்றே. உண் என்போர் மஞ்சட்கருவுக்கு வழி சொல்லும் வரை உள் என்னும் அடியைக் கைவிடுவதற்கில்லை.